அடித்தல் திருத்தல் இல்லை

“நான் எழுதாத எழுத்தா, அம்மிணி?” என்று கேட்டார் சென்னியப்பன்.

தெய்வானை மோட்டார் அறைக்குள் போய் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஒரு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

“முப்பத்தாறு வருசமா பத்திரம் எழுதறேன். தாராபுரம் ரிஜிஸ்டர் ஆபீசுல வந்து கேட்டுப் பாருங்க. நான் எழுதின பத்திரம் ஒண்ணாச்சும் கோர்ட்டுல தோத்திருக்குதான்னு கேளுங்க. எனக்குப் போயி எழுதறதுக்குச் சொல்லித் தர்றதாமா? டாக்டரம்மாவுக்கு வேற வேலை இல்லை.”

“உக்காருங்கய்யா.”

“உக்காந்து?”

“எழுதுங்க.”

“என்னத்த?”

“எதைச் சொல்ல வாய் வரலியோ, அதை.”

குருவையும் சீடனையும் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கதைகளில் குருவுக்குத் தாடி நெஞ்சு வரை தொங்கும், சீடனுக்கு மீசைகூட அரும்பியிருக்காது. இங்கே எல்லாம் தலைகீழ். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. குருவுக்கு நாற்பத்தொன்று. மலையடிவாரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் தண்ணீர் மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் அவளுடைய உத்தியோகம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை எடுத்துப் பிழைத்தவள். பிழைத்தவளை வீட்டில் யாரும் வா என்று கூப்பிடவில்லை. அங்கேயே இருந்துவிட்டாள்.

மோட்டார் அறையை ஒட்டிப் பழைய சைக்கிள் ஸ்டாண்ட். தகரக் கூரைக்குக் கீழே நாலு பள்ளிக்கூட பெஞ்சு. புதன்கிழமை தோறும், நோய் போயும் நிம்மதி திரும்பாதவர்கள் அங்கே வந்து எழுதுவார்கள். டாக்டரம்மா அனுப்பி வைப்பார். தெய்வானை பார்த்துக்கொள்வாள்.

சட்டம் ஒன்றுதான். மோட்டார் ஓடத் தொடங்கினால் பேனாவை எடுக்க வேண்டும். மேல் தொட்டி நிறைந்து வழிகிற வரைக்கும் பேனா நிற்கக் கூடாது. சுமார் இருபது நிமிஷம். எழுத ஒன்றும் இல்லையென்றால் ‘ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை’ என்றாவது எழுத வேண்டும். ஒரு பஞ்சாலைக்காரர் இரண்டு மாதம் அதையே எழுதினாராம். மூன்றாம் மாதம் நோட்டின் மேல் தலையை வைத்து அழுதாராம். அதன் பிறகு அவர் வரவில்லை என்று சொன்னார்கள்.

சென்னியப்பனுக்கு வந்தது குடலில் கட்டி. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு முன்னால் ‘போயிடுச்சு, வீட்டுக்குப் போங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போனார். தூக்கம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. அதையாவது விடலாம். மறுபரிசோதனைக்கு மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் ஸ்கேனுக்கு டோக்கன் வாங்கினார். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார்.

“நாலாவது தடவையும் இப்படிப் பண்ணினீங்கன்னா, உள்ளே மறுபடி ஏதாவது கிளம்பினாலும் யாருக்கும் தெரியாது” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். “தெரியும்போது செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது.”

சொல்லிவிட்டு ஜன்னல் வழியே சைக்கிள் ஸ்டாண்டைக் காட்டினார்.

சென்னியப்பனுக்கு உயிர் மேல் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் பெயரைக் கூப்பிட்டால் கால் மட்டும் வாசலைப் பார்த்துத் திரும்பிவிடுகிறது. அது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எழுதினா சீக்கு திரும்பி வராதா?”

“அது டாக்டருங்க பாடு.”

“அப்பறம் எதுக்கு எழுதறது?”

“எறைக்காத கெணறு நாறும்பாங்க” என்றாள் தெய்வானை. ஒரு நாற்பது பக்க நோட்டை அவர் முன்னால் வைத்தாள்.

சென்னியப்பன் எழுதினார். வேகமாக, வரி கோணாமல் எழுதினார். கூரையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பேனாவை மூடினார். சார்பதிவாளரிடம் நீட்டுவதுபோல நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

தெய்வானை எழுத்தைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் மெல்லத் தடவினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“என்ன அம்மிணி தடவறீங்க?”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க.”

சென்னியப்பனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது.

“படிக்கத் தெரியாதவங்க எழுதச் சொல்லித் தர்றீங்க.”

“நான் எங்கீங்க சொல்லித் தர்றேன்? மோட்டார் போடறேன்.”

“அப்ப எதைத் தடவிப் பாக்கறீங்க?”

“நோவற எடத்துல பேனா அழுத்துமுங்க. பின்னால தொட்டா மேடு தட்டுப்படும்.”

“என்னோடதுல?”

தெய்வானை நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

“எல்லா எடமும் ஒரே சமமா இருக்குது. ஆளையே காணமுங்க.”

*

அடுத்த புதன், அவள் நோட்டைத் தொடவில்லை.

“நீங்களே படிங்கய்யா. கேக்கறேன்.”

சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். பத்திரம் படிப்பது அவருக்குக் கைவந்த கலை.

“தாராபுரம் வட்டம், கொளத்துப்பாளையம் கிராமத்தில் வசிக்கும் காலஞ்சென்ற ராமசாமி மகன் சென்னியப்பன் ஆகிய நான், சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும், யாருடைய தூண்டுதலும் இன்றி எழுதிக்கொண்டது யாதெனில், எனது வயிற்றில் உண்டான கட்டியானது மேற்படி ஆஸ்பத்திரியில் அறுத்து அகற்றப்பட்டது. மேற்படி கட்டிக்கு வடக்கே இரைப்பை, தெற்கே மூத்திரப்பை, கிழக்கே நல்ல குடல், மேற்கே இடுப்பெலும்பு. இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட மேற்படி கட்டியின் பேரில் இனி எவ்வித வில்லங்கமும் இல்லை. இந்தப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் இல்லை.”

பக்கத்து பெஞ்சில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்த ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தொண்டையில் நோய் போய்த் திரும்பி வந்தவர். சிரிப்பு சத்தமில்லாமல்தான் வந்தது.

தெய்வானை சிரிக்கவில்லை.

“அடியில என்னமோ கிறுக்கியிருக்குதே, என்னங்க அது?”

“கையெழுத்து. பக்கத்துக்குப் பக்கம் போடோணும். இல்லாட்டி நடுவுல யாராச்சும் ஒரு பக்கத்தைச் சொருகிப்போடுவாங்க.”

“ஒரு எடத்துலகூட அடிக்கலீங்களா?”

“அடிச்சா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா செல்லாது.”

“இது செல்லுமுங்களா?”

“எந்தக் கோர்ட்டுலயும் செல்லும்.”

“ராத்திரியில முழிச்சுட்டே படுத்திருக்கீங்களே, அங்கே செல்லுமுங்களா?”

சென்னியப்பனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. நோட்டை பெஞ்சில் போட்டுவிட்டு நடந்தார். இவளுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். இரண்டாம் வகுப்புகூடத் தாண்டாதவள். எழுத்தின் அருமை எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். நாலு பேர் நாலு விதமாகப் பேசினாலும் அசையாமல் நிற்பதுதான் எழுத்து. அப்படித்தான் அவருடைய அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அன்று இரவும் தூக்கம் வரவில்லை.

*

மூன்றாம் புதன் வரக்கூடாது என்று இருந்தார். வந்துவிட்டார்.

துண்டு போட்டவரின் இடம் காலியாக இருந்தது. பெஞ்சின் மேல் அவருடைய நோட்டு மட்டும் இருந்தது.

“அவரு வரலீங்களா?”

“திங்கக்கெழமை போயிட்டாருங்க.”

போன வாரம் சென்னியப்பனைப் பார்த்துச் சிரித்த மனிதன். அந்தச் சிரிப்பின் மேல் ஒரு வாரமாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. அவருடைய கை தானாக நோட்டை எடுக்கப் போனது. தெய்வானை அதன் மேல் தன் கையை வைத்தாள்.

“அது உங்களுக்கு எழுதினது இல்லீங்க.”

“பின்ன யாருக்கு எழுதினது?”

“யாருக்கும் இல்லீங்க.”

நோட்டை எடுத்துக்கொண்டு போய், நோயாளிகளுக்கு வெந்நீர் காயும் அடுப்பில் வைத்தாள். சென்னியப்பன் பதறிப்போனார். அவருடைய தொழிலில் எழுதிய தாளை எரிப்பது கொலைக்குச் சமம்.

“என்ன அம்மிணி இப்படிப் பண்ணிப்போட்டீங்க? அத்தனையும் கைப்பட எழுதினதாச்சே.”

“எழுதறப்பவே அவருக்கு வேல முடிஞ்சுதுங்க. கடைசி வாரம் சோறு கேட்டு வாங்கித் தின்னாரு. எரிச்சுருங்கக்கான்னு அவருதான் சொல்லி வெச்சாரு.”

தாள் எரிந்து முடிகிற வரைக்கும் இருவரும் நின்றார்கள். குண்டாவில் தண்ணீர் கொதித்தது.

“நீங்க எழுதுவீங்களா?” என்று கேட்டார் சென்னியப்பன்.

“எழுத வராதுங்களே. கோடு போடுவேன்.”

“கோடா?”

“ஆப்பரேசன் ஆன புதுசுல எல்லாரையும் எழுதச் சொன்னாங்க. எனக்கு எழுத்துத் தெரியாதுன்னு சொல்ல வெக்கம். பேனாவப் புடிச்சுக் கோடு கோடாப் போட்டேன். ஒரே எடத்துல மேல மேலப் போட்டேன். காயிதம் ஓட்டையாயிருச்சு. அடியில இருந்த பலகையும் கீறிருச்சு. அன்னைக்குத்தான் தூங்கினேன்.”

சொல்லிவிட்டு அவருடைய சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அவருடைய இடது கையில் வைத்தாள்.

“இன்னைக்கு நொட்டாங்கையில எழுதுங்க.”

“வெளையாடறீங்களா? அந்தக் கை எதுக்குன்னு தெரியாதா?”

“தெரியுமுங்க. கழுவற கை. அதுலயே எழுதுங்க.”

“அம்மிணி…”

“அடுத்த புதன் உங்களுக்கு ஸ்கேனுங்கய்யா.”

மோட்டார் ஓடத் தொடங்கியது.

சென்னியப்பன் வழக்கம்போல் வட்டத்திலிருந்து தொடங்கினார். ‘தா’ என்று ஒரு எழுத்துப் போடுவதற்குள் வியர்த்துவிட்டது. கால் ஒரு பக்கம் போனது, சுழி ஒரு பக்கம் போனது. இந்தக் கையை வைத்துக்கொண்டு வட்டமும் கிராமமும் எழுதப் போனால், அப்பா பெயருக்கு வருவதற்குள் தொட்டி வழிந்துவிடும். அதை அடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தாளில் அடித்தார். இன்னொரு வார்த்தை தொடங்கினார். அதையும் அடித்தார்.

பேனா நின்றது. நிற்கக் கூடாது என்பது சட்டம். தெய்வானை எதிர் பெஞ்சில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தக் கைக்கு நீட்டி எழுதத் தெரியாது. சுற்றி வளைக்கத் தெரியாது. ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அதில் தெம்பு இருந்தது. அது என்ன என்று சென்னியப்பனுக்கு அப்போது தெரிந்துவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். கை எழுதிக்கொண்டிருந்தது.

கூரையில் தண்ணீர் கொட்டியது. தாளில் மூன்றே வார்த்தை இருந்தது.

தெய்வானை தாளை வாங்கித் திருப்பினாள். அவள் விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

“படிங்க.”

“வேற ஒண்ணும் சொல்லலை” என்று படித்தார்.

“யாரு?”

“கருப்பண்ணன்” என்றார் சென்னியப்பன்.

*

“பக்கத்துக் கட்டில்காரன். மூலனூரு. லாரி ஓட்டினவன். என்னைய எழுத்தரே, எழுத்தரேன்னு கூப்புடுவான். ஒரு நாள் பொழுது சாயறப்ப, எம் பொண்டாட்டிக்கு ஒரு காயிதம் எழுதோணும், எழுத்தரேன்னான். அவ நேர்ல வந்தா எனக்கு வாய் வர மாட்டீங்குது, எழுதிக் குடுத்துரலாம்னான்.”

“எழுதிக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன்.” அவர் பேனாவை மூடினார். “உயிலா எழுதிக் குடுத்தேன்.”

தெய்வானை பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“காயிதம் எதுக்கு ஆகும், அம்மிணி? பொட்டியில கெடந்து பூச்சி அரிக்கும். அவனுக்கு ஒரு ஓட்டு வீடு இருந்துச்சு. அண்ணந்தம்பிக அதுமேல கண்ணா இருந்தானுக. உயிலா எழுதிட்டா அவன் பொண்டாட்டிக்கு நிக்க ஒரு எடம் ஆகுமேன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தான் நெனச்சேன்.”

“அவரு ஒத்துக்கிட்டாருங்களா?”

“கதவு நெம்பர் சொன்னான். நாலு எல்லையும் சொன்னான். எல்லாம் சொல்லிப்போட்டு, இதையும் சேத்துக்குங்கன்னான்.”

“எதைங்க?”

சென்னியப்பன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கண்ணாத்தா, எனக்குப் பயமா இருக்குது. நீ வந்து பக்கத்துல உக்காந்துக்கோ. அவ்வளவுதான்.”

“சேத்தீங்களா?”

“உயில்ல அதைச் சேக்கப்படாது. பயத்துல இருந்தான்னு எழுத்துல இருந்தா, புத்தி தெளிவா இல்லாம எழுதினான்னு அண்ணங்காரன் கேசு போடுவான். அதெல்லாம் வேண்டாம் கருப்பண்ணா, எழுதினா செல்லாதுன்னு சொன்னேன். சரிங்கன்னான். சாட்சிக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். ரேகை வெச்சான். அப்பறம் செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டான். விடியறதுக்குள்ள போயிட்டான்.”

மற்ற பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

“பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கண்ணாத்தாப் புள்ள என்னையப் பாக்க வந்துச்சு. நான் அப்பவும் வார்டுலதான் கெடந்தேன். முருங்கக்கா ஒரு கட்டுக் கொண்டாந்துச்சு. வீடு எங்கையில நின்னுருச்சுங்க, உங்க புண்ணியம்னு கும்புட்டுச்சு. போறப்பத் திரும்பி நின்னு, வேற ஏதாச்சும் சொன்னாருங்களான்னு கேட்டுச்சு.”

“நீங்க?”

“வேற ஒண்ணும் சொல்லலைன்னேன்.”

“ஏனுங்க?”

“சொல்லியிருந்தா, அதை ஏன் எழுதலைன்னு கேக்குமே.”

வெளியே தொட்டித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஸ்கேனுக்குப் பேரக் கூப்புடறப்பெல்லாம் அவன் செவுத்துப் பக்கம் திரும்பினதுதான் கண்ணுல நிக்குது. அந்த மேசையில என்னால படுக்க முடியலை, அம்மிணி.”

வெசனப்படாதீங்க என்று சொல்வாள் என எதிர்பார்த்தார். நல்லதுக்குத்தானே செஞ்சீங்க என்று சொன்னாலும் போதும். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

சென்னியப்பன் தாளை நீட்டினார்.

“இதையும் அடுப்புல போட்டுருங்க.”

“இதைப் போட முடியாதுங்க.”

“அந்தத் துண்டுக்காரரோடதைப் போட்டீங்களே?”

“அது அவரோட சொந்தம். இது உங்களோடது இல்லீங்களே.”

“பின்ன யாரோடது?”

தெய்வானை தாளை நாலாக மடித்தாள். அவருடைய சட்டைப் பையில் வைத்தாள்.

“அந்தம்மாவோடதுங்க. இத்தனை நாளா உங்ககிட்டக் கெடக்குது.”

“இப்பப் போயிச் சொன்னா ஆறின புண்ணக் கீறினாப்பல ஆகுமே. அந்தப் புள்ள என்னைய என்னன்னு நெனைக்கும்?”

“மூலனூருக்குப் பஸ் எத்தனை மணிக்குங்க?” என்று கேட்டாள் தெய்வானை.

*

அவர் கிளம்பியது ஞாயிற்றுக்கிழமை. வியாழன் போகலாம் என்றிருந்தார், வேட்டி காயவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் இல்லை. சனிக்கிழமை எந்தக் காரணமும் கிடைக்கவில்லை, அதனால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

கண்ணாத்தா வாசலில் சாக்கு விரித்து முருங்கைக்காயை நீளம் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“வாங்க, வாங்க. உடம்பு தேவலைங்களா?”

நாற்காலி போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மறுபடி சாக்கில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு நீ ஒண்ணு கேட்டீம்மா. வேற ஏதாச்சும் சொன்னாரான்னு.”

“ஆமாங்க.”

“சொன்னான்.”

நாரை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கை நின்றது.

சென்னியப்பன் பையிலிருந்து தாளை எடுத்தார். அதில் இருந்த மூன்று வார்த்தையும் அவளிடம் அன்று சொன்ன பொய்தான், படிக்க ஒன்றுமில்லை. மறுபடி பையில் வைத்தார். வாயாலேயே சொன்னார். கருப்பண்ணன் சொன்னதைச் சொன்னார், தான் எழுதாததைச் சொன்னார், ஏன் எழுதவில்லை என்றும் சொன்னார். அவள் கேட்டபோது ஏன் மறைத்தார் என்பதையும் சொன்னார். எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

கண்ணாத்தா பாதி முடிச்சிட்ட நாரை அவிழ்த்தாள்.

“இதைச் சொன்னப்ப மணி என்னங்க இருக்கும்?”

“ஏழு இருக்கும்.”

“ஏழு மணிக்கு நான் வெளியதானுங்க இருந்தேன். வார்டுக் கதவுக்கு அக்கட்டால. ஆறு மணிக்கு மேல ஆம்பளைக வார்டுல பொம்பளைகள விட மாட்டாங்களே. பைப்புகிட்டத் துண்ட விரிச்சுப் படுத்திருந்தேன். விடிய விடிய அங்கதான் இருந்தேன்.”

சென்னியப்பனுக்கு இது தெரியாது. அன்று அவர் கதவு எண் கேட்டார், எல்லை கேட்டார், சர்வே நம்பர் கேட்டார். அவள் எங்கே இருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை.

“ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேன். நர்சம்மா கால்ல விழுந்தாச்சும் உள்ளே வந்திருப்பேன்.”

“எனக்குத் தெரியாதும்மா.”

“கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்குமுங்க.”

அழுவாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றுக்கும் மனத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை. சொம்பைக் கீழே வைத்தார். எழுந்து கும்பிட்டார்.

“நான் போறேம்மா.”

“உக்காருங்க” என்றாள் கண்ணாத்தா.

அவள் குரல் உயரவில்லை. சென்னியப்பன் உட்கார்ந்தார்.

“இந்த வீட்டுல படுக்கறப்பெல்லாம் நெனைப்பேனுங்க. வீட்டை எழுதி வெச்ச மனுசனுக்கு, எனக்குன்னு ஒரு வார்த்தை வெச்சுட்டுப் போகத் தோணலையேன்னு. அந்தக் கோவத்துல இன்னும் அவரு படத்தக்கூட மாட்டலை.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு பயந்து நான் பாத்ததே இல்லீங்க. பன்னண்டு வருசம் மலை ரோட்டுல லாரி ஓட்டினவரு. பிரேக் புடிக்காமப் போனதையே சிரிச்சுட்டு வந்து சொன்னவரு.”

சென்னியப்பன் சொம்பை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“அது எப்படி இருக்குமுங்க?”

“எதும்மா?”

“அந்தப் பயம்.”

அவர் சொம்பை மறுபடி கீழே வைத்தார்.

“அவருகிட்ட இனிக் கேக்க முடியாது. உங்களுக்கும் அதே சீக்கு, அதே வார்டு, பக்கத்துக் கட்டிலு. அவருக்கு இருந்ததுதானுங்களே உங்களுக்கும் இருந்திருக்கும்? அவரோடதைத்தான் எழுதாம உட்டுட்டீங்க. உங்களோடதையாச்சும் சொல்லுங்க. நான் தெரிஞ்சுக்கறேன்.”

“எனக்கு அப்படியெல்லாம் ஒண்ணும்…” என்று தொடங்கினார் சென்னியப்பன். அதற்கு மேல் வரவில்லை.

கண்ணாத்தா காய்க்கட்டை ஓரமாகத் தள்ளினாள். சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மொதல்ல உள்ளங்கால்தாம்மா சில்லுன்னு போகும்” என்றார் சென்னியப்பன்.